கதவில்லாத கோட்டை

செம்பியன் கோட்டைகளை மட்டும்தான் சேர்த்தான். பிளாஸ்டிக் ப்ளாக்குகளில் கார், ரயில், விமானம் என்று எத்தனையோ செட் வந்தாலும் அவனுக்கு வேண்டியது அகழியும் தூக்குப்பாலமும் ஈட்டி பிடித்த வீரர்களும் உள்ள பழைய ஐரோப்பியக் கோட்டைகள். கடலூரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுக்கும் வேலை பார்த்தான். மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. பின்னறையில் ஒரு சுவர் முழுக்க அலமாரி. 2008-ம் வருடக் கோடையில் அதில் பதினோரு கோட்டைகள் இருந்தன. அவன் மனைவி வெண்மதி நர்ஸ். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துச் சிரித்தவள், பிறகு ஒரு வீரனும் கீழே விழாமல் தூசி தட்டப் பழகிக்கொண்டாள்.

பழைய செட் வாங்கினால் அவன் அப்படியே வைக்கமாட்டான். யாராவது இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டியிருந்தால் பிரித்து, சோப்புத் தண்ணீரில் அலசி, கையேட்டைப் பார்த்து முதலிலிருந்து கட்டுவான். பிரிப்பதற்கு முன்னால் அதன் தரைப்படத்தை டிரேசிங் தாளில் வரைந்து எடுத்துவைப்பான். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை பழகிவிட்டது.

சிதம்பரம் மேலவீதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாலிதீன் பைக்குள் ஆறு குதிரை வீரர்களைப் பார்த்தபோதுதான் ராஜமாணிக்கத்தைப் பற்றித் தெரிந்தது. "கனகசபை நகர்ல ஒரு பெரியவரு இருக்காரு. கப்பல்ல என்ஜினியரா இருந்தவரு. வீடு நெறைய இதான் வெச்சிருக்காரு. போய்ப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

வீட்டைக் கண்டுபிடித்து முன்வாசல் கேட்டைத் தள்ளியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்தப் பக்கம் வராதீங்க. சந்து வழியா வாங்க."

பக்கவாட்டுச் சந்தில் ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்து நின்றவருக்கு எழுபது வயது இருக்கும். வெள்ளை பனியன், மடித்துக் கட்டிய கைலி, கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். ஹால் மேசையில் ஒரு கோட்டை நின்றது. இரண்டு செட்டைச் சேர்த்துக் கட்டியிருந்தார். தூக்குப்பாலம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சுவர்.

"ஹாம்பர்க், ராட்டர்டாம்னு எங்க எறங்குனாலும் இத ஒண்ணு வாங்கிடுவேன் தம்பி. பசங்களுக்குன்னுதான் வாங்க ஆரம்பிச்சேன். பசங்க பொறக்கல. வாங்குறது மட்டும் நிக்கல" என்றார். "இந்தக் கோட்டையோட வேல முடிஞ்சிடுச்சி. எடுத்துட்டுப் போங்க."

வேலை என்று எதைச் சொல்கிறார் என்று செம்பியன் கேட்கவில்லை. அப்போது அவன் கண்ணெல்லாம் மூலைக் கோபுரத்தின் மேல்தான் இருந்தது. கடைகளில் அது வருவது நின்றுபோய் இருபது வருடம் ஆகியிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து வரைந்துவிட்டுப் பிரித்தான். கூடத்தில் வெள்ளைத் தாடி வைத்த பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது. கோட்டைக்கு வெளியே, முன்பக்கச் சுவரை ஒட்டி, கோட்டையைத் தாங்கும் பச்சைத் தகட்டின் குமிழ்களில் கால் பதித்து ஒரு பெண் பொம்மை. சிவப்பு உடை, பழுப்பு முடி. முகம் சுவரைப் பார்த்து இருந்தது. கையேட்டைப் புரட்டினான். இரண்டு செட்டிலும் பெண் பொம்மையே கிடையாது. வேறு செட்டிலிருந்து வந்திருக்கும் என்று மீதித் துண்டுகள் போடும் டப்பாவில் போட்டான்.

அடுத்த வருடம் ராஜமாணிக்கமே போன் செய்தார். "இன்னொண்ணு இருக்குது. வந்து எடுத்துக்கங்க. பின்பக்கமா வாங்க."

பின்பக்கம் போக அடுத்த தெருவைச் சுற்ற வேண்டியிருந்தது. கொல்லைக் கதவு வழியாகச் சமையலறைக்குள் நுழைந்து ஹாலுக்கு வந்தான். பகல் பதினொரு மணிக்கு ட்யூப்லைட் எரிந்தது. ஹாலில் முன்பு ஜன்னல்கள் இருந்ததாக ஞாபகம். இப்போது அந்த இடங்களில் துணி தொங்கியது. புழுக்கமாக இருந்தது. பெரியவர் டீ போட்டுக் கொடுத்தார். பேச்சுக்கு நடுவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "காலைல வராம இப்ப வந்தீங்களே, நல்லதாப் போச்சி" என்றார்.

அந்தக் கோட்டையில் பக்கவாசலும் இல்லை. தாடிக்காரர் கூடத்திலிருந்து உள்ளறைக்குப் போயிருந்தார். அதே சிவப்பு உடைப் பெண் இப்போது பக்கவாட்டுச் சுவரை ஒட்டி நின்றாள். செம்பியன் வரைந்தான், பிரித்தான், அவளை டப்பாவில் போட்டான். முதலாவது பொம்மையோடு வைத்துப் பார்த்தான். இரண்டும் ஒரே அச்சு.

மூன்றாவது கோட்டை 2011 டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. அந்த முறை கொல்லையில் மணல் குவியலும் இருநூறு செங்கல்லும் கிடந்தன. "ஏதோ மராமத்துங்களா சார்?" என்று கேட்டான். "ஆமா, கடைசி வேல" என்றார் ராஜமாணிக்கம். கோட்டையை அவன் கையில் கொடுக்கும்போது அவர் விரல்கள் அதை விட மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. பாதியாக இளைத்திருந்தார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

அதைப் பிரிக்கச் சாவகாசம் கிடைக்கவில்லை. செமஸ்டர் பரீட்சை, பேப்பர் திருத்தம். பிறகு டிசம்பர் முப்பதாம் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் கடலூரை அடித்துப் போட்டது. தெருவுக்குத் தெரு மரமும் கம்பமும் சாய்ந்து கிடந்தன. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. போன் இல்லை. வெண்மதி காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். காலேஜுக்கு லீவு விட்டுவிட்டார்கள். செம்பியன் தண்ணீர் பிடித்துவிட்டு, ஓடு பறந்த இடத்தில் தார்ப்பாய் கட்டிவிட்டு, மற்ற நேரத்தில் பின்னறையில் உட்கார்ந்திருந்தான்.

புயலுக்குப் பிறகு நாலாம் நாள். வெண்மதிக்கு அன்று லீவு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னறையிலிருந்து சத்தம் கேட்டது. டக். டக். டக். பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்கால் தட்டுகிற சின்னச் சத்தம்.

"அலமாரில எலி பூந்துடுச்சி. போய்ப் பாருங்க" என்றாள் வெண்மதி.

எலி இல்லை. எதுவும் விழவில்லை. மூன்றாவது கோட்டை மட்டும் மேசைமேல் இருந்தது. அதன் பின்பக்கச் சுவரை ஒட்டிச் சிவப்பு உடைப் பெண் நின்றாள். அவளுடைய வலது கை, தோளிலிருந்து மேலே உயர்ந்து, சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. வாங்கி வந்தபோது அங்கே அப்படி ஒரு பொம்மை இருந்ததா என்று அவனுக்கு ஞாபகமில்லை. மணி எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால்.

அன்றே அதை வரைந்தான். முன்வாசல் இல்லை, பக்கவாசல் இல்லை, பின்வாசலும் இல்லை. நடுவில் நாலு குமிழ் நீளம் நாலு குமிழ் அகலத்தில் ஒரு அறை. அதற்கும் கதவில்லை. மேல்மூடியைக் கழற்றினான். தாடிக்காரர் அதற்குள் உட்கார்ந்திருந்தார்.

விளக்கு இல்லாததால் மூன்று டிரேசிங் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். சுவர்கள் ஒன்றோடொன்று பொருந்தின. ஹால், அதற்கு இடதுபக்கம் உள்ளறை, நடுவில் சாமான் அறை, பின்னால் சமையலறை, அங்கிருந்து கொல்லை. அவன் நடந்துபோன வீடு. சந்துக் கதவு வழியாக நுழைந்தது, அடுத்த முறை கொல்லை வழியாக நுழைந்தது, ஹாலில் தொங்கிய துணிகள், மணல், செங்கல். மூன்று வருடமாக அந்த மனுஷர் தன் வீட்டை ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். முதலில் ப்ளாக்கில் கட்டிப் பார்த்திருக்கிறார்.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்கு சிதம்பரம் போயிட்டு வந்துடுறேன்" என்றான் வெண்மதியிடம். அவள் தாள்களை வாங்கிப் பார்த்தாள். பொம்மையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே வைத்தாள். "சில்லுன்னு இருக்குது" என்றாள். பிறகு, "போங்க. அந்தப் பெரியவர இங்க கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள்.

கொல்லைக்குள் அவன் நுழைந்தபோது எட்டு மணி. பின்வாசலின் கதவும் நிலையும் பெயர்த்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்குச் செங்கல் ஏறியிருந்தது. அதற்கு மேல் திறந்து கிடந்தது. உள்ளே நாற்காலியில் ராஜமாணிக்கம் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத் தாடி.

"கொத்தனாரு நேத்து பாதியில ஓடிட்டான்" என்றார், அவன் வந்ததைப் பற்றி எதுவும் கேட்காமல். "உள்ள ஆளு இருக்கறப்ப நான் மூட மாட்டேன் சார்னு சொல்லிட்டான். கலவ போட எனக்குத் தெம்பில்ல."

செம்பியன் சுவரைத் தாண்டி உள்ளே குதித்தான். வெந்நீர் வைத்துக் கொடுத்தான். கொண்டுபோயிருந்த பன்னைத் தண்ணீரில் நனைத்து ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தான். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று கேட்டான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் இருங்க. நீங்களே கேப்பீங்க. இல்லன்னா எனக்குப் பைத்தியம்னு நெனச்சிக்கங்க."

எட்டு நாற்பதுக்குக் கேட்டது. டக். டக். டக். வெளியிலிருந்து, அந்த இடுப்புயரச் சுவரில், விரல் முட்டியால் செங்கல்லைத் தட்டுகிற சத்தம்.

செம்பியன் எழுந்து போய்ச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். கொல்லை வெயிலில் கிடந்தது. குழாயடியில் ஒரு காகம் தண்ணீர் குடித்தது. முருங்கை மரம் அசையவில்லை. ஆள் யாரும் இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் முகத்துக்குக் கீழே, கையெட்டும் தூரத்தில், மறுபடியும் தட்டியது. மூன்று தட்டு. காயாத கலவையிலிருந்து மணல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அவன் பின்னுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கேட்டிச்சா?" என்றார் ராஜமாணிக்கம். அவன் தலையசைத்ததும் அவருக்கு அழுகை வந்தது. "ஏழு வருசமா எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவர் சொன்னது இதுதான். தேவனாம்பட்டினத்துக்காரர். மீன்பிடிக் குடும்பத்தில் முதலில் படித்துக் கப்பல் வேலைக்குப் போனவர். ஓய்வு பெற்ற பிறகு ஊரிலேயே, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, மாடி வீடு கட்டியிருந்தார். அந்த 2004 டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி பட்டம்மாள் மீன் வாங்கக் கரைக்குப் போனாள். சிறிது நேரத்தில் ஜனம் கத்திக்கொண்டு ஓடியது. தெருமுனையில் தண்ணீர் கறுப்பாக வருவதைப் பார்த்ததும் அவர் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றார்.

"எட்டு நாப்பதுக்குக் கதவு தட்டுச்சி. மூணு தட்டு. 'ஏங்க'ன்னா. ஒரே ஒரு தடவ. மறுபடியும் மூணு தட்டு." அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "தண்ணி அழுத்திச்சி, தெறக்க முடியலன்னு எனக்கு நானே சொல்லிப்பேன். பொய்யி. தண்ணி அப்பத்தான் வாசப்படிக்கு வந்துச்சி. தாப்பா என் தோள்கிட்ட இருந்துச்சி. தெறந்தா உள்ள வந்துடும்னு பயந்துட்டேன். கப்பல்ல முப்பது வருசம் இருந்தவன். தண்ணிக்குப் பயந்துட்டேன். அப்புறம் சத்தம் இல்ல. நான் மாடிக்கி ஏறிட்டேன்."

இரண்டு நாள் கழித்துக் கெடிலம் ஆற்று முகத்துவாரத்தில் பட்டம்மாள் கிடைத்தாள். கரையிலேயே தண்ணீர் தூக்கிவிட்டது, நான் பார்க்கவே இல்லை என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். அவளுடைய தங்கை புஷ்பவள்ளியிடமும் அதையே சொன்னார். கருமாதி முடிந்ததும் ஊரை விட்டுச் சிதம்பரம் வந்தார். மூன்றாம் நாள் காலையில் முன்கதவு தட்டப்பட்டது. திறந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சில வருடம் தாங்கினார். பிறகு முன்கதவை அடைத்தார். சந்துக் கதவுக்கு வந்தது. அதை அடைத்தார். கொல்லைக்கு வந்தது.

"அந்தப் பொண்ணு பொம்மைய வெளிய எதுக்கு சார் வெச்சீங்க?" என்று செம்பியன் கேட்டான்.

"எந்தப் பொண்ணு?"

"சிவப்பு டிரஸ். ஒவ்வொரு கோட்டையிலயும் அடச்ச வாசல்கிட்ட இருந்துச்சே."

ராஜமாணிக்கம் அவனையே பார்த்தார். "பொம்பள பொம்மையே என்கிட்ட கெடையாது தம்பி. நான் வெச்சது உள்ள இருக்கிற ஒரே ஒரு ஆளுதான்."

செம்பியன் கொத்தனார் விட்டுப்போன கடப்பாரையை எடுத்து மேல்வரிசைச் செங்கற்களைத் தட்டிப் பெயர்த்தான். ஈரம் முழுசாகக் காயாத கலவை, சுலபமாக வந்தது. பெரியவர் வெளியே காலெடுத்து வைக்கக் கால்மணி நேரம் தயங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவன் தோளைப் பிடித்தபடி தாண்டினார். முருங்கை மரத்தடியில் நின்று மூச்சு வாங்கினார். "அவ தங்கச்சிகிட்ட சொல்லணும்" என்றார். செம்பியன் சொல்ல நினைத்து வைத்திருந்ததை அவரே சொல்லிவிட்டார்.

அன்று அவர் மஞ்சக்குப்பத்தில் தங்கினார். வெண்மதி முகம் வழித்துக்கொள்ள வெந்நீர் கொடுத்தாள், ரசம் சோறு கரைத்துக் கொடுத்தாள். காலையில், வெண்மதி டூட்டியை மாற்றிக்கொண்டதால், மூவரும் ஒரு ஆட்டோவில் தேவனாம்பட்டினம் போனார்கள். வழியெல்லாம் புயல் தூக்கிப் போட்ட படகுகள். புஷ்பவள்ளி சுனாமிக் குடியிருப்பில் ஒரு வீட்டில் இருந்தாள். ஐம்பத்தைந்து வயது. வாசலில் நனைந்த கருவாட்டைப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

"என்னா மாமா, ஆளே மாறிட்டீங்க" என்றாள். "புயலுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"ஒனக்கு ஒரு சேதி சொல்லணும் புஷ்பா. உள்ள வந்து சொல்றேன்."

தெருவில் ஆட்கள் பார்த்தார்கள். அவள் எல்லோரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஒரே அறை. ஒரு கட்டில், அடுப்பு, சாமி படம், அதன் பக்கத்தில் பட்டம்மாளின் படம். ராஜமாணிக்கம் கட்டிலில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். முந்தின நாள் சொன்ன அதே வார்த்தைகள். தாழ்ப்பாள் தோளுக்குப் பக்கத்தில் இருந்ததையும் விடாமல் சொன்னார்.

புஷ்பவள்ளி அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "வூட்டுக்கு வந்துட்டாளா?" என்றாள். "வாசல் வரைக்கும் வந்துட்டாளா எங்கக்கா?"

"வந்துட்டா."

"கடல்லயே போயிட்டான்னுதான் இத்தன நாளும் நான் கடலத் திட்டிட்டிருந்தேன்."

அவர் கைகூப்பினார். அவள் அதைப் பார்க்காதவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெண்மதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

டக். டக். டக்.

சாத்திய கதவில். ராஜமாணிக்கம் சுவரோடு சுவராக ஒடுங்கினார். செம்பியன் கையை வெண்மதி இறுகப் பிடித்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது. வெளியே பேச்சுச் சத்தம் இல்லை, காலடி இல்லை, மணலில் காற்று மட்டும்.

புஷ்பவள்ளி ஒரு நொடியும் யோசிக்கவில்லை. தரையில் கை ஊன்றி எழுந்தாள், இரண்டே எட்டில் போய்த் தாழ்ப்பாளை இழுத்துக் கதவை அகலத் திறந்தாள். வெயில் உள்ளே விழுந்தது. வாசலில் யாரும் இல்லை. பாயில் கருவாடு காய்ந்தது. எதிர்வீட்டுப் பெண் குடத்தோடு முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தாள். புஷ்பவள்ளி நிலைப்படியை மறைக்காமல் ஒதுங்கி நின்றாள், ஆள் நுழைய வழிவிடுகிறவள் நிற்பதுபோல. உப்பும் ஈரமும் கலந்த காற்று ஒன்று செம்பியன் முழங்காலைத் தொட்டுக் கடந்து அறைக்குள் போனது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் பயம் வரவில்லை என்று பின்னால் வெண்மதியிடம் சொன்னான். அவள் தனக்கு வந்தது என்றாள்.

"நீங்க கெளம்புங்க மாமா" என்றாள் புஷ்பவள்ளி, கதவைப் பிடித்தபடி. "இனிமே இங்க வராதீங்க."

ராஜமாணிக்கம் வராமலே இருந்தார். சிதம்பரம் திரும்பி, அடைத்த வாசல்களை ஆள் வைத்து இடித்தார். மறுபடி கதவு தட்டவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்று செம்பியனுக்குத் தெரியவில்லை. போனில் ஒருமுறை, "வூடு ரொம்ப அமைதியா இருக்குது தம்பி. காலைல அந்த நேரத்துக்கு நான் எழுந்து உக்காந்துடுறேன்" என்றார். குரல் யாரையோ தவறவிட்டவர் குரலாக இருந்தது.

அந்த வருடம் சித்திரையில் மீன் வாங்கப் போனபோது செம்பியன் புஷ்பவள்ளியைக் கரையில் பார்த்தான். கூடையில் சங்கராவும் கானாங்கெளுத்தியும் வைத்திருந்தாள். அவனை அடையாளம் கண்டு தலையசைத்தாள். கேட்கலாமா என்று தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இப்பவும் தட்டுதுங்களா?" என்று கேட்டுவிட்டான்.

"எதுக்குத் தட்டப் போறா?" என்றாள் அவள், மீனின் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே. "நான்தான் தாப்பாவே போடுறதில்லியே."